கொண்டு வருபவருக்கு

"அந்தத் துண்டா சார்? அது எப்பவோ தேங்காயாப் போச்சே."

நல்லம்மா இப்படிச் சொன்னதும் மேர்வின் வாசலிலேயே நின்றுவிட்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

"தேங்காயாவா?"

"பதினஞ்சு துண்டையும் இத்ரூஸ் நானா கடையில குடுத்தேன். அவர் தேங்கா குடுத்தார். அந்தத் தேங்காயத்தானே ஒங்க புள்ளைங்க சம்பலாத் தின்னாங்க? அப்ப கணக்கு சரிதானே சார்?"

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்கிறவர் நல்லம்மா. ஹில் ஸ்டார் உதைபந்தாட்டக் கழகம் போன வருடம் முழுவதும் அவருடைய சோற்றைத் தின்றுதான் ஓடியது. காசு இல்லாத நாட்களில், அதாவது எல்லா நாட்களிலும், கழகத்தின் செயலாளர் மேர்வின் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிடுவார்.

துண்டு என்றால் பெரிய விஷயமில்லை. கொப்பித் தாள் ஒன்றை நாலாகக் கிழித்தால் நாலு துண்டு. அதில் "இதைக் கொண்டு வருபவருக்கு ஹில் ஸ்டார் கழகம் இவ்வளவு ரூபா தர வேண்டும்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊதா மையில் முத்திரை குத்திவிட்டால் முடிந்தது. முதல் துண்டிலேயே ஆளின் பெயரை எழுதியிருக்க வேண்டும். ஆனால் முதல் துண்டு வாங்கிய பஸ் முதலாளிக்குப் பெயருக்கு முன்னால் ஆறு முதலெழுத்து இருந்தது. மேர்வினுக்கு அன்றைக்குக் கை வலி. "கொண்டு வருபவர்" என்று எழுதிவிட்டார். அந்தச் சோம்பல்தான் இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக ஊருக்குள் திரிந்துகொண்டிருந்தது. மொத்தம் முப்பத்தெட்டு இலட்சம்.

ஹில் ஸ்டார் எப்போதும் இப்படிக் கடன்பட்ட கழகம் இல்லை. தோற்றுக்கொண்டிருந்த காலமெல்லாம் அதற்கு ஒரு சதம் கடன் கிடையாது. முந்தின வருடம் எப்படியோ எல்லா மெச்சிலும் வென்று தொலைத்துவிட்டார்கள். உடனே சம்பளத்துக்கு ஆடுகிற பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு கிழமை தெற்கே காலிக்குப் போக வேண்டும், மறு கிழமை வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். வெற்றி என்பது எவ்வளவு டீசல் குடிக்கும் என்று மேர்வினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது லீக்கிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் கடன் தீரவில்லை என்றால் கழகத்தின் பெயரை வெட்டிவிடுவார்கள். பத்தொன்பது வருடமாக மேர்வின் சுமந்த கழகம். அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் கடிதத்தைப் படித்த அன்று அவர் சாப்பிடவில்லை.

நல்ல காலமாக ஒரு பணக்காரர் கிடைத்தார். மாத்தளையில் பிறந்து, கொழும்பில் போத்தல் தண்ணீர் விற்றுக் கோடீஸ்வரரான சிறில் முதலாளி. கழகத்தை எடுத்துக்கொள்கிறேன், கடனையும் நானே கட்டுகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

"ஊரெல்லாம் போய்க் கடன்காரன் வாசல்ல நிக்க எனக்கு நேரமில்ல மிஸ்டர் மேர்வின். ஞாயித்துக்கிழமை காலையில அத்தன துண்டும் ஒரே மேசையில இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் கார்ல ஏறிடுவேன்."

அதனால்தான் மேர்வின் ஹார்ட்வெயார் கடை வேலைக்கு ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு, நல்லம்மாவின் வாசலில் நின்றார். இப்போது தேங்காயைத் தேடி இத்ரூஸ் நானாவின் பலசரக்குக் கடைக்கு ஓடினார்.

இத்ரூஸ் நானா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குக் கொப்பியை மூடினார்.

"துண்டா? எனக்கிட்ட இப்ப ஒரு நாலுதான் கெடக்கு. மத்ததெல்லாம் கோழிப் பண்ணைக்கும் டயர் கடைக்கும் குடுத்துட்டன். மூணு துண்ட என்வலப்ல போட்டு கலியாண வீடு ஒண்டுக்குக் குடுத்தன்."

"கலியாண வீட்டுக்கா?"

"ஏன் தம்பி, நல்ல துண்டுதானே. பேங்க் செக் எண்டா திரும்பி வந்துடும். ஒங்கட துண்டு திரும்பி வாறதே இல்ல."

மேர்வின் அந்த நாலையாவது தரச் சொல்லிக் கேட்டார். இத்ரூஸ் நானா அவற்றை மேசை லாச்சியிலிருந்து எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கடன் குடுத்தவன் வாங்கினவனத் தேடி ஓடுவான். வாங்கினவன் குடுத்தவனத் தேடி ஓடுறத இண்டைக்குத்தான் பாக்குறன். என்ன விஷயம்?"

"சும்மாதான் நானா."

"சும்மாவா? அப்ப சும்மா எனக்கிட்டயே கெடக்கட்டும்."

நாலு துண்டும் மறுபடி லாச்சிக்குள் போய்விட்டன.

மேர்வின் கழக அறைக்கு வந்தபோது ராசம்மா ஜேர்சிகளை அலசிக்கொண்டிருந்தாள். எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு, கிழமைக்கு இரண்டு நாள் பஸ் ஏறி வந்து கழகத்தின் உடுப்புக் கழுவுகிறவள். அவளுக்கு நாலு மாதச் சம்பளம் பாக்கி.

"சார், எஞ் சம்பளம்."

"ஒரு துண்டு எழுதித் தரவா ராசம்மாக்கா?"

"துண்டு வேணாங்க சார். காசாக் குடுங்க."

பலாபத்வலயிலும் சுற்று வட்டாரத்திலும் மேர்வினின் துண்டை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். இது அவருக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலித்தது. தன் கையெழுத்தில் என்ன குறை என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வார்.

மேசையில் சிறில் முதலாளியின் வக்கீல் அனுப்பிய ஒப்பந்தம் கிடந்தது. போன வெள்ளிக்கிழமையே முதலாளியும் கழகக் கமிட்டியும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியாகிவிட்டது. மேர்வின் அதைத் திரும்பவும் எடுத்துச் சத்தமாக வாசித்தார். கவலை வந்தால் சத்தமாக வாசிப்பது அவர் வழக்கம்.

"ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குள் எல்லாத் துண்டுகளையும் கொண்டு வருபவருக்கு, கழகமும் மைதானக் குத்தகையும் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களும் சொந்தமாகும்."

"அது என்னங்க சார், கொண்டு வருபவருக்குன்னு? மொதலாளி பேரு இல்லியா?"

"அவருக்கு அஞ்சு கம்பனி இருக்கு. எந்தக் கம்பனி பேர்ல எடுக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. பேர் போட்டா வரி வருமாம். அதுக்குத்தான் வக்கீல் என்னோட வசனத்தையே எடுத்துப் போட்டுட்டார்." இதைச் சொல்லும்போது மேர்வினுக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

ராசம்மா ஒன்பதாம் நம்பர் ஜேர்சியைப் பிழிந்தாள்.

"எங்க பாட்டன் காலத்துல தோட்டத்துல இப்பிடித்தான் சார். ஆளு பட்ட கடன ஒரு துண்டுல எழுதி வச்சிருப்பாங்களாம். எந்தத் தோட்டம் அந்தக் கடனக் கட்டுதோ, ஆளு அந்தத் தோட்டத்துக்கு. எங்க குடும்பத்த எல்கடுவைக்கு அறுபது ரூவாய்க்கு எடுத்தாங்களாம்."

"அதெல்லாம் பழைய கதைக்கா."

"பழசுதாங்க சார்."

மேர்வினின் மனம் அங்கே இல்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவதைவிட ஊரையே தன்னிடம் வரவழைத்தால் என்ன?

செவ்வாய்க்கிழமை காலை ஒரு த்ரீவீலில் லவுட்ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுக்க அறிவித்தார். "ஹில் ஸ்டார் துண்டு வைத்திருக்கும் பொதுமக்களின் அன்பான கவனத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுப் பணமும் கொடுக்கப்படும். துண்டுகளை இன்றே செயலாளரிடம் ஒப்படைக்கவும்."

பொதுமக்கள் அன்பாகக் கவனித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் காசு என்றால் செவ்வாய்க்கிழமை எதற்குத் துண்டைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. அதுவரை யாரும் பெரிதாக மதிக்காத தாளைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார்கள். பின்னேரம் ஆனபோது சிறில் முதலாளியின் பெயரும் வெளியே வந்துவிட்டது. புதன்கிழமை ஆயிரம் ரூபாத் துண்டு ஆயிரத்து முந்நூறுக்குக் கைமாறியது.

அதே புதன்கிழமை, ஒரு புத்திசாலி துண்டைப் போட்டோகொப்பி எடுத்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் ஏழு பேர் எடுத்தார்கள். மேர்வின் மறுபடி த்ரீவீல் பிடித்து, ஊதா முத்திரை உள்ளது மட்டும்தான் செல்லும் என்று ஊரைச் சுற்றினார். அந்த அறிவிப்போடு ஊதா முத்திரைத் துண்டு ஆயிரத்து ஐந்நூறு ஆனது.

மத்தியானம் வஹகோட்டை அந்தோனியார் கோயிலிலிருந்து ஃபாதர் போன் எடுத்தார்.

"மேர்வின், கோயில் உண்டியல்ல ஒங்க துண்டு மூணு கெடக்கு. பதினோராயிரம். ஒங்க கழகம் அந்தோனியாருக்குக் கடன் பட்டிருக்குப்பா."

"ஃபாதர், நான் இப்பவே வந்து எடுத்துக்கிறேன்."

"எடுக்கலாம். காச வச்சிட்டு எடுக்கலாம். தொலைஞ்சதத் தேடிக் குடுக்கிறது அவர் வேல. கடனத் தள்ளி விடுறது அவர் வேல இல்ல."

அன்று வீட்டில் மேர்வின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி மரிய கொறற்றி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன சேந்திச்சு?"

"ஒண்ணு."

"யாரோடது?"

"நம்மளோடது. அலுமாரிக்குள்ள கெடந்துச்சு."

மரிய கொறற்றி தலையில் அடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் இந்தக் கழகம் அவளுடைய இரண்டு வளையலையும் ஒரு தையல் மெஷினையும் விழுங்கியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மெச்சுக்கும் முன்னால் மெழுகுதிரி ஏற்றுகிறவளும் அவள்தான்.

"நீங்க உண்மையச் சொல்லிச் சொல்லித்தான் வெல ஏறுது. ஊர்க்காரங்க காசு வருதுன்னா ஒளிப்பாங்க. காசு வராதுன்னு தெரிஞ்சா தெருவுல வீசுவாங்க. வீசும்போது பொறுக்குங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சொல்லிட்டு ஞாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. வஹகோட்டைக்கு ஒரே பஸ்தானே."

மேர்வினுக்கு அன்று கொஞ்சம் தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை கழக அறையில் ராசம்மா ஜேர்சிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது சிறில் முதலாளியின் போன் வந்தது. மேர்வினுடைய போனில் காதுப் பக்கம் வேலை செய்யாது. ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும்.

"மிஸ்டர் மேர்வின், ஞாயிறு பத்து மணிக்கு நிச்சயம் வர்றேன். போட்டோக்காரரும் வர்றார். அந்தப் பிளாஸ்டிக் கதிரையில எல்லாம் என்ன உக்கார வைக்காதீங்க. கொஞ்சம் மரியாதையான கதிரையாப் பாருங்க."

"பாக்கிறேன் சார்."

போனை வைத்துவிட்டு மேர்வின் ராசம்மாவைக் கூப்பிட்டார். ஊர் முழுக்க ஒரு செய்தி பரவ வேண்டும் என்றால் மூன்று பேரிடம் இரகசியமாகச் சொன்னால் போதும். இத்ரூஸ் நானாவிடம் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பரிடமும் சொல்லியாகிவிட்டது. தோட்டத்துப் பக்கத்துக்கு ஆள் வேண்டும்.

"ராசம்மாக்கா, ஒரு ஒதவி. மொதலாளி பின்வாங்கிட்டார், துண்டுக்கு இனி ஒரு சதமும் வராதுன்னு தோட்டத்துப் பக்கம் சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிச் சொல்லணும்."

ராசம்மா கொடியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பத்தானே சார் வர்றேன்னு சொன்னாரு?"

"வர்றார். ஆனா வரலேன்னு சொல்லணும்."

"அப்ப நிச்சயமா வர்றாரு."

"நிச்சயமா வர்றார். அதனாலதான் வரலேன்னு சொல்றோம். விளங்குச்சா?"

"விளங்குச்சுங்க சார்." அவள் கையைச் சேலையில் துடைத்தாள். "எஞ் சம்பளம்?"

"இப்ப ஒரு துண்டு..."

"துண்டு வேணாங்க சார். நான் வாரேன். நாளைக்கு எங்க லயத்து வீடுகள்ல பெரிய சீட்டு, நாப்பத்திரெண்டு பேரு. காச நான்தான் சேக்கணும்."

பொய் அருமையாக வேலை செய்தது. மேர்வின் சொன்ன உண்மைக்கு மூன்று நாள் எடுத்த ஊர், இதற்கு ஒரே பின்னேரம்தான் எடுத்தது. டயர் கடைக்காரர் மேர்வினை வழியில் மறித்துக் கத்தினார். கோழிப் பண்ணைக்காரர் போனிலேயே அழுதார். வெள்ளிக்கிழமை காலை ஆயிரம் ரூபாத் துண்டு ஐந்நூறு, மத்தியானம் இருநூறு, பின்னேரம் நூறு. கலியாண வீட்டுக்காரர்கள் என்வலப் வைத்த இத்ரூஸ் நானாவை வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது பொறுக்க வேண்டியதுதான். பொறுக்கக் காசு வேண்டும். முப்பத்தெட்டு இலட்சம் கடன், பத்தில் ஒரு பங்கு என்றால் மூன்று இலட்சத்து எண்பதாயிரம். மேர்வின் சனிக்கிழமை காலை வங்கி திறக்கும் வரை வாசலில் நின்று, மரிய கொறற்றியின் தாலிக்கொடியை அடகு வைத்தார். அவள் அதைக் கழற்றி, மெழுகுதிரிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காசைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேரே இத்ரூஸ் நானாவிடம் ஓடினார்.

"நானா, அந்த நாலு துண்டு. நான் வாங்கிக்கிறேன்."

"நேத்தே குடுத்துட்டனே தம்பி."

"யாருக்கு?"

"யாரோ ஒரு ஆள் வந்து கேட்டிச்சி. காசக் கையில வச்சிச்சி. குடுத்துட்டன். பேர் ஊர் கேக்க அது என்ன சம்பந்தமா பேசுறம்?"

டயர் கடையிலும் அதே பதில். கோழிப் பண்ணையிலும் அதே பதில். கலியாண வீட்டில் மாப்பிள்ளையே வந்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம் என்றார். மேர்வின் பஸ் பிடித்து வஹகோட்டைக்குப் போனார். உண்டியல் துண்டு மூன்றையும் யாரோ ஒரு அம்மா நேற்றுப் பூசைக்குப் பிறகு பதினோராயிரமும் எண்ணி வைத்து எடுத்துக்கொண்டு போனாராம். அந்தோனியாரிடம் விலை குறைக்க மனம் வரவில்லை என்றாராம்.

அப்போதுதான் மேர்வினுக்கு விஷயம் பிடிபட்டது. சிறில் முதலாளி. வேறு யார்? முப்பத்தெட்டு இலட்சம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆள் வைத்து மூன்று எண்பதுக்கு முடித்துவிட்டார். பணக்காரன் எப்படிப் பணக்காரன் ஆனான் என்று மேர்வினுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் விளங்கியது. ஊர்ச் சனத்தின் காசை நான்தான் என் வாயாலேயே குறைத்துக் கொடுத்தேன் என்று நினைத்தபோது பஸ்ஸில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. துண்டு எல்லாம் முதலாளி கையில் என்றால் கழகம் பிழைக்கும். போகட்டும். திங்கட்கிழமை பெயர் வெட்டுப்படாது. அந்த ஆறுதலில், கலியாண டெக்கரேஷன் கடையொன்றில் சிவப்பு வெல்வெட் போட்ட மணமகன் கதிரை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. சட்டைக்குள் இருந்த காசைத் தொட மனம் வரவில்லை. அது தாலிக்கொடி. பழக்க தோஷத்தில் கொப்பியைக் கிழித்து ஒரு துண்டு எழுதிவிட்டார்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன சிறில் முதலாளியின் கார் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றேகாலுக்குத்தான் மைதானத்துக்கு வந்தது. பின்னால் வக்கீல், போட்டோக்காரர். முதலாளி கழக அறைக்குள் வந்து, வெல்வெட் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் சிங்கத் தலைப் பிடிகளில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"நல்ல கதிர. சரி, நம்ம திட்டத்தச் சொல்றேன். மொதல்ல பேர் மாறணும். சிறில் அக்குவா எப்.சி. அடுத்த மாசத்துல இருந்து ஹோம் மெச் எல்லாம் கொழும்புல."

"கொழும்புலயா சார்? நம்ம ஊர்ச் சனம்..."

"டீவியில பாக்கட்டும். அந்த கோல்கீப்பர் ஜெனோசன், அவன மாலைதீவுக்கு வித்துடலாம். அப்புறம் இந்தக் கிரவுண்ட், இதுல என் தண்ணி லொறி நிறுத்தலாம். பன்னிரண்டு லொறி தாராளமா நிக்கும்."

மேர்வின் யன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஜெனோசன் கோல் கம்பத்தின் வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தான். கழகம் பிழைத்துவிட்டது என்று நேற்றுப் பட்ட ஆறுதல் எங்கே போனது என்று தெரியவில்லை. பத்தொன்பது வருடம் சுமந்ததை லொறிக்கு அடியில் இறக்கி வைக்கத்தானா இந்தக் கிழமை முழுக்க ஓடினோம்?

"வக்கீல் சார், வாசிங்க," என்றார் முதலாளி.

வக்கீல் வாசித்தார். பகல் பன்னிரண்டுக்குள் எல்லாத் துண்டுகளையும் கொண்டு வருபவருக்குக் கழகம் சொந்தம். இரு தரப்பும் கையெழுத்திட்டது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"துண்டுகளை மேசையில் வையுங்கள்."

முதலாளி மேர்வினைப் பார்த்தார். மேர்வின் முதலாளியைப் பார்த்தார்.

"வைங்க மிஸ்டர் மேர்வின்."

"நீங்க வைங்க சார்."

"நான் எதுக்கு வைக்கணும்? சேத்துக் கொண்டு வர்றது ஒங்க வேல."

"சார், மறைக்காதீங்க. எங்க சனத்துக்கிட்ட இருந்து ஆயிரம் ரூவா துண்ட நூறு ரூவாய்க்கு ஆள் வச்சு வாங்கினது நீங்கதானே? பரவால்ல. எனக்குக் கழகம் இருந்தாப் போதும். எடுத்து வைங்க."

சிறில் முதலாளியின் முகம் கதிரையின் வெல்வெட் நிறத்துக்கு வந்தது.

"நூறு ரூவாய்க்கா? நூறு ரூவாய்க்கு வாங்கலாம்னு தெரிஞ்சிருந்தா நான் விட்டிருப்பேனா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று மேர்வினுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவ்வளவு உண்மையான வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

"அப்ப நீங்க வாங்கல?"

"இல்ல. அப்ப ஒங்ககிட்ட இல்ல?"

"ஒண்ணு இருந்துச்சு. என் மனிசியோட அலுமாரியில. அதையும் இப்பக் காணல." மரிய கொறற்றி ஏதோ ஒரு பழைய சேலையை யாருக்கோ கொடுத்தபோது அதுவும் போயிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்.

மணி பதினொன்றே முக்கால். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு போட்டோ எடுத்தார். துண்டு முதலாளியிடமும் இல்லை, தன்னிடமும் இல்லை. நாளைக்கு லீக்கில் பெயரை வெட்டிவிடுவார்கள். தாலிக்கொடி வங்கியில் கிடக்கிறது. இனி ஜெனோசனிடம் வலையைத் தைக்க வேண்டாம் என்று யார் போய்ச் சொல்வது?

"பன்னிரண்டு அடிச்சா நான் கார்ல ஏறிடுவேன்," என்றார் முதலாளி. ஆனால் கதிரை நன்றாக இருந்தபடியால் இன்னும் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. ராசம்மா உள்ளே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிற நாள் இல்லை. இடுப்பில் ஜேர்சி மூட்டை. அவளுக்குப் பின்னால் வாசலில் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

"ராசம்மாக்கா, சம்பளம் இன்னைக்கு முடியாது," என்றார் மேர்வின். "தயவு செஞ்சு போங்க."

ராசம்மா போகவில்லை. ஒப்பந்தத் தாளுக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கி வைத்து முடிச்சை அவிழ்த்தாள். மடித்த ஜேர்சிகளுக்கு நடுவில் ரப்பர் பட்டி போட்ட கட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஊதா மை.

"மேர்வின் சார், ஒங்க வீட்டம்மா அலுமாரியில இருந்து எடுத்து எங்களுக்கு வித்ததும், அந்தக் கதிரைக்கு நேத்து நீங்க எழுதுனதும் சேத்து இருநூத்திப் பதிமூணும் இதுல இருக்கு, எங்க சீட்டுப் பொம்பளைங்க நாப்பத்தொரு பேரும் வெளிய நிக்கிறாங்க, ஐயாவ அதுல இருந்து கொஞ்சம் எழும்பச் சொல்லுங்க."